விமானத்திலேயே சென்சார் வந்துவிட்டதே, ஏன் இன்னும் டார்ச் அடித்து விரிசல் தேடுகிறார்கள்?

சென்சார் வந்துவிட்டது, உண்மைதான். அதை எவ்வளவு நம்பலாம் என்று நிரூபிக்கும் வேலைதான் இழுத்துக்கொண்டே போகிறது. கார்பன் ஃபைபர் பலகைகளைச் சோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் சில காலம் இருந்தவன் என்பதால் அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

போயிங் 787-இன் கட்டமைப்பு எடையில் சுமார் பாதி காம்போசிட், அதாவது கார்பன் ஃபைபர் போன்ற இழைகளைப் பிசினில் பதித்து அடுக்கடுக்காகச் செய்த பொருள். அலுமினியத்தில் ஏதாவது மோதினால் பெரும்பாலும் நசுங்கல் தெரியும். கார்பன் ஃபைபர் அப்படியில்லை. உருண்டை முனை வைத்த எடையைப் பலகை மேல் விழவிடுவோம். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது, பெயின்ட்கூட அப்படியே இருக்கும். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கும்.

இதைப் பிடிக்கத்தான் பிஇசட்டி (PZT) வில்லைகளை ஒட்டுகிறார்கள்; மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும் பீங்கான் சில்லுகள் அவை. ஒரு வில்லை அதிர்வலையை அனுப்பும், இன்னொன்று வாங்கும். நடுவே சேதம் இருந்தால் அலை மாறும். தொல்லை என்னவென்றால், வெயில் ஏறினாலும் அலை மாறும். அதனால் வில்லை ஒட்டிய பலகையை வெப்ப அறையில் போட்டு, மைனஸுக்கும் கொதிக்கும் சூட்டுக்கும் மாற்றி மாற்றி அலைக்கழிப்போம். பலகை நன்றாகத்தான் இருக்கும். பசை விட்டுப்போய், சேதம் என்று சிக்னல் காட்டும். இப்படி நாலு பொய் அலாரம் அடித்து விமானம் தரையில் நின்றால், எந்த விமான நிறுவனமும் அதைக் கழற்றி எறியத்தான் பார்க்கும்.

அப்புறம் புள்ளிவிவரம். இன்ன அளவு விரிசலை 90 சதவீத வாய்ப்போடு பிடிக்கும் என்பதை 95 சதவீத நம்பகத்தோடு காட்ட வேண்டும் என்பது இந்தத் துறையின் வழக்கமான அளவுகோல். கையில் பிடிக்கும் கருவி என்றால் அதே மாதிரிப் பலகைகளைப் பலரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். ஒட்டிய சென்சாரை எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் புதுத் துண்டு, புது சென்சார், புது விரிசல். பணம் அங்கேதான் கரைகிறது.

எனக்குப் பிடித்தது வெற்றிட சென்சார்தான். பிளாஸ்திரி மாதிரி ஒட்டுவது; உள்ளே மெல்லிய வாய்க்கால்கள், ஒன்றில் வெற்றிடம், அடுத்ததில் காற்று. அடியில் விரிசல் விட்டால் காற்று கசியும், அவ்வளவுதான். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகமும் டெல்டா விமான நிறுவனமும் சேர்ந்து போயிங் 737 விமானங்களில் ஒட்டிப் பறக்கவிட்டே சோதித்தார்கள்.

ஆனால் ஒட்டிய இடத்தில் வரும் விரிசல் மட்டும்தான் அதற்குத் தெரியும். எங்கே விரிசல் விடும் என்று முன்பே தெரிந்த, பிரித்துப் பார்க்கச் சிரமமான மூலைகளுக்குத்தான் அது லாபம். மற்ற இடமெல்லாம் இன்னும் டார்ச்தான்.