நெடுந்தீவில் ஓர் இரவு

அன்புள்ள ஐயா,

உறவுக்காரர் கல்யாணத்துக்காக அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போகிறோம். இடையில் ஒரு நாள் கிடைக்கிறது. நெடுந்தீவைப் பார்க்க எனக்கு ஆசை. "வெயிலும் பனையும்தான் இருக்கும், அதற்கா இவ்வளவு அலைச்சல்" என்கிறார் கணவர். போகலாமா? என்ன பார்ப்பது?

வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் போங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். காலைப் படகில் போய், ஆட்டோவில் ஏழெட்டு இடம் சுற்றி, பிற்பகல் படகுக்கு ஓடிவருகிறவர்கள்தான் அதிகம். அண்ணா பூங்காவும் லேடீஸ் சீட்டும் பார்த்துவிட்டு மதியமே மலையிறங்குகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவர்கள் ஏற்காட்டைப் பார்த்ததாக ஒப்புக்கொள்வீர்களா?

பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை பஸ். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்பும் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐரோப்பியர் காலத்துக் கோட்டைச் சுவர், புறாக்கூடு, ஆள் நுழையும் பொந்துள்ள பெருக்கமரம் (பாவோபாப்) எல்லாவற்றையும் ஆட்டோக்காரரே காட்டிவிடுவார். அவர் வண்டியை நிறுத்தாத ஒன்று உண்டு, மதில்கள். தெருவெல்லாம் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், மதில். சாந்து கிடையாது, கல்மேல் கல் அடுக்கியதுதான். ஒரு கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தேனடைக் கண்கள் போலப் பொடிப்பொடிக் குழிகள், சிலவற்றில் மூளை மடிப்பு போல நெளிவுகள். ஒவ்வொரு குழியும் கடலடியில் ஓர் உயிர் குடியிருந்த வீடு. ஏற்காட்டு அடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வெள்ளைக்கல், அதாவது மக்னசைட், பாறைக்குள்ளேயே விளைந்தது. இதுவோ உயிர்கள் கட்டியது. முதன்முதலில் விரல் வைத்துத் தடவியபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

தங்கச் சொல்வது குதிரைகளுக்காகவும்தான். ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டுப்போன குதிரைகளின் வழி வந்த மட்டக்குதிரைகள், இன்று காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. வெயில் தாழ்ந்ததும் வெட்டவெளியில் கூட்டமாக மேயும். குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நிற்கும். தூர நின்றே பாருங்கள், படத்துக்காக விரட்ட வேண்டாம். கோடையில் அவை தண்ணீருக்குத் தவிப்பவை.

திரும்பும்போது துறையருகே குமுதினிப் படகு நினைவிடத்தில் சற்று நில்லுங்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் வந்த பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், கைக்குழந்தை உட்பட. நீங்கள் கடக்கப்போவதும் அதே கடல்வழிதான்.

உங்கள் கணவர் சொல்வதும் சரிதான், வெயில் கடுமை. தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். தங்கும் விடுதிகள் குறைவு, யாழ்ப்பாணத்திலிருந்தே பேசி வைத்துவிடுங்கள்.