காதிரைச்சல், நிசப்தம் – கடிதம்

அன்புள்ள சார்,

மேடை இசை நிகழ்ச்சிகளுக்கு ஒலிக்கலவை செய்பவன் நான். இரண்டு வருடம் முன்பு ஒரு நிகழ்ச்சியில் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இரவு முழுக்க நிற்க வேண்டிவந்தது. அன்று ஆரம்பித்தது இரண்டு காதிலும் கொய்ங் என்ற இரைச்சல். முதலில் ராத்திரியில் மட்டும் கேட்டது, இப்போது பகலிலும் விடுவதில்லை. போதாததற்கு சத்தம் என்றாலே ஆவதில்லை. தட்டு கீழே விழுந்தால் காதுக்குள் ஊசி குத்துகிறது. என் குழந்தை வாய்விட்டுச் சிரித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். ஆடியோகிராம் எடுத்தால் காது நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதனால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. டாக்டர் கவுன்சிலிங் போகச் சொல்கிறார். நான் என்ன பைத்தியமா? வீட்டில் நாள் முழுக்க இயர்ப்ளக்கோடுதான் இருக்கிறேன் (வேலையில் போட முடியாது, கலவை கெட்டுவிடும்). தினமும் காலையில் இரைச்சலுக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டு எழுதிவைக்கிறேன். ஏறிக்கொண்டேதான் போகிறது. மூலிகை மாத்திரை ஏதாவது கேட்குமா? இந்த வேலையை விட்டுவிடலாமா? மறுபடி ஒருநாளாவது நிசப்தத்தில் உட்கார முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வி இல்லாவிட்டால் உங்களுக்குத் தனியாக நாலு வரி எழுதி அனுப்பியிருப்பேன். நிசப்தத்தின் மேல் எனக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு கடுப்பு. எழுதுகிறவர்கள், தியானம் செய்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று ஆளாளுக்கு அதைப் புகழ்கிறார்கள். காதில் இரைச்சல் உள்ளவனை நிசப்தத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் தெரியும். எனக்கும் இடது காதில் உண்டு, பல வருடமாக.

முதலில் ஒன்று. உங்களை நான் நம்புகிறேன். ஆடியோகிராம் சரியாக இருக்கிறது என்பதால் காதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. எவ்வளவு மெல்லிய ஒலி வரை காதில் விழுகிறது என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. 2009இல் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற காது ஆய்வாளர்கள் இருவர் சுண்டெலிகளுக்கு இரண்டு மணி நேரம் உரத்த சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் கேட்கும் திறன் திரும்பிவிட்டது, சோதனையில் எல்லாம் சரி. ஆனால் உள்ளே ஒலியை வாங்குகிற மயிர்ச்செல்லோடு செவி நரம்பு சேரும் இணைப்புகளில், அதிர்வெண் மிகுந்த (கீச்சென்ற) ஒலிகளுக்கான பகுதியில், ஏறக்குறைய பாதி போயே போய்விட்டிருந்தன. மனிதக் காதிலும் இப்படி நடக்கிறது என்று நினைக்க நியாயம் இருக்கிறது. உங்கள் வீட்டாரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

சத்தம் ஏன் குத்துகிறது என்பதை உங்கள் தொழில் பாஷையிலேயே சொல்லலாம். மைக்கிலிருந்து வரும் சிக்னல் குறைந்தால் என்ன செய்வீர்கள்? கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றுவீர்கள். ஏற்றினால் கூடவே ஹிஸ் என்ற பின்னணி இரைச்சலும் ஏறும், திடீரென்று ஒருவர் கத்தினால் ஸ்பீக்கர் கிழியும். காதிலிருந்து வரும் சிக்னல் குறைந்தால் மூளையும் இதைத்தான் செய்கிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். 1801இல் பீத்தோவன் தன் மருத்துவ நண்பர் வேகலருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன: இரவு பகலாகக் காதில் இரைச்சல், மெதுவாகப் பேசினால் வார்த்தை புரிவதில்லை, ஆனால் யாராவது கத்தினால் தாங்க முடிவதில்லை.

இப்போது திட்டப்போகிறேன். ஏற்கெனவே கெயின் ஏறிக்கிடக்கிறது. நீங்கள் வீட்டில், அமைதியான அறையில், இயர்ப்ளக்கையும் மாட்டிக்கொண்டு வருகிற சிக்னலை இன்னும் குறைக்கிறீர்கள். மூளை இன்னும் ஏற்றாமல் என்ன செய்யும்? இது வெறும் தர்க்கம் இல்லை. ஃபார்ம்பி என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் 2003இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். நல்ல காது உள்ளவர்களில் சிலருக்கு இரண்டு வாரம் இயர்ப்ளக், சிலருக்கு இரண்டு வாரம் காதருகே மெல்லிய இரைச்சல். இயர்ப்ளக் போட்டவர்களுக்குச் சத்தத்தின் மேல் கூச்சம் ஏறியது. இரைச்சல் கேட்டவர்களுக்கு இறங்கியது. ஒரு குறையும் இல்லாத காதுக்கே இந்தக் கதி. நீங்கள் எத்தனை மாதமாக மாட்டிக்கொண்டு திரிகிறீர்கள்? நாளைக்கே பிடுங்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை. வலி இருக்கிற காதுக்கு அது கொடுமை. செவித்திறன் நிபுணர் ஒருவரைப் பார்த்து, அரை மணி, ஒரு மணி என்று கழற்றிப் பழகுங்கள். ஆனால் கழற்றியே ஆகவேண்டும்.

என் அப்பா அச்சகத்தில் எந்திரம் ஓட்டியவர். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். மை ஏறிய விரலால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். பாட்டு தெளிவாக வரும். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். சரியாக அந்த இடத்தில் ஒரு மயிரிழை தள்ளிவிடுவார். பாட்டு போய் ‘ஷ்ஷ்’ என்று வெறும் இரைச்சல் மட்டும் வரும். அப்புறம் சத்தத்தைக் குறைத்து, குறைத்து, பக்கத்தில் படுத்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார். “பாட்டு வைக்கத் தெரியலைன்னா எங்கிட்டக் குடுங்க” என்று அம்மா கத்துவார். அப்பா பதிலே சொல்லமாட்டார், தூங்கியிருப்பார். அவருக்குக் காது மந்தம், ஸ்டேஷன் பிடிக்க வரவில்லை என்றுதான் அவர் இருந்தவரை நினைத்துக்கொண்டிருந்தோம். என் காதில் ஆரம்பித்த பிறகு ஒரு நிபுணர் எனக்குச் சொன்ன யோசனை: ராத்திரியில் மெல்லிய, அர்த்தமில்லாத இரைச்சல் ஏதாவது ஓடட்டும், உங்கள் காதிரைச்சலை மூடுகிற அளவுக்கு வேண்டாம், அதைவிடக் கொஞ்சம் குறைவாக. அவர் சொல்லச்சொல்ல எனக்கு அந்தத் திருகுதான் கண்ணில் நின்றது. அப்பாவுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. மூச்சுவிடாமல் தானே கண்டுபிடித்து, பாட்டு வைக்கத் தெரியாதவர் என்ற பேரையும் வாங்கிக்கொண்டு போய்ச்சேர்ந்தார்.

நிசப்தம் கேட்டீர்களே. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்று இருவர், காது நன்றாக இருக்கிற 80 பேரை ஒலிபுகாத அறையில் உட்காரவைத்து, என்ன கேட்கிறதோ அதை எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தத்தை எழுதினார்கள். ரீங்காரம், முனகல், மணியோசை. நீங்கள் இழந்துவிட்டதாக அழுகிற பொருள் அந்த அறையில் இருந்தவர்களிடமும் இல்லை. உங்கள் இரைச்சலும் அதுவும் ஒன்று என்று சொல்லவில்லை, உங்களுடையது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனால் தேடுவதாக இருந்தால் இருக்கிற பொருளைத் தேடுங்கள்.

அந்த மார்க் போடும் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். தினமும் எழுந்ததும் இரைச்சலைத் தேடிப்பிடித்து மார்க் போட்டால், இது முக்கியமான சமாச்சாரம், கவனித்துக்கொண்டே இரு என்று மூளைக்குப் பாடம் எடுக்கிறீர்கள். கவுன்சிலிங் விஷயத்தில் உங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். பைத்தியமா என்று கேட்கிறீர்கள். கால் ஒடிந்தவன் நடக்கப் பழக ஆள் வைத்துக்கொள்வதில்லையா? காதிரைச்சலின் அவதியைக் குறைப்பதில் இதுவரை நல்ல ஆதாரம் உள்ளது சி.பி.டி. என்கிற மனச்சிகிச்சைக்குத்தான். சத்தத்தை அது குறைக்காது. சத்தம் இருக்கும்போதே தூங்க, சாப்பிட, குழந்தையின் பக்கத்தில் உட்கார வைக்கும். அந்த டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், போங்கள்.

மாத்திரை: ஜின்கோ என்கிற மூலிகை உட்பட எதையும் வாங்க வேண்டாம். ஒரு காதில் மட்டும் இரைச்சல் வந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள், அதில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் வரை என்பது வேலையிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். நூறு டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். காதைத் தின்கிற இடத்தில் வெறும் காதோடு நிற்கிறீர்கள், ஒன்றும் ஆகாத வீட்டில் அடைத்துக்கொள்கிறீர்கள்! எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் குறைக்கிற, இசைக்காரர்களுக்கென்றே செய்த அடைப்பான்கள் இருக்கின்றன. அதைப் போட்டால் கலவை கெடாது, போட்டுக்கொண்டு கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். மானிட்டரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் சிறிய அறையில் குறைந்த சத்தத்தில் செய்கிற ஸ்டூடியோ வேலை இருக்கிறது. இப்போதைக்கு ராஜினாமா எழுத வேண்டாம். செவித்திறன் நிபுணரைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.