படமும் தொடரும் பார்த்து வீட்டிலிருந்தே ஸ்பானிஷ் பழகலாமா?

கொழும்பில் இருந்துகொண்டு, வகுப்புக்குப் போகாமல், படம் பார்த்து ஸ்பானிஷ் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் தெரியும், ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

காது நன்றாகப் பழகும், கதைக்கவும் ஓரளவு வரும். எழுத்து வராது, அதற்குத் தனியாக உட்கார வேண்டும். ஆனால் இரண்டு மணித்தியாலப் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்து முடித்தால் கதை தெரியும், மொழி ஒட்டாது. கண் ஆங்கிலத்தை வாசிக்கத் தொடங்கியதும் காது கேட்பதை விட்டுவிடும். வருடக்கணக்காகக் கொரியத் தொடர் பார்ப்பவர்கள் நாலு கொரியச் சொல்லுக்கு மேல் போகாததற்குக் காரணம் இதுதான். முழுப் படத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்று நிமிடக் காட்சி ஒன்று ஒரு நாளைக்குப் போதும்.

அதற்கு முன் மூன்று நாலு கிழமை படத்தையே தொடாமல் வினைச்சொற்களைப் பிடியுங்கள். ஸ்பானிஷிலும் நம்மைப் போலவே வினையின் வால்தான் ஆளைக் காட்டும்: ஆப்லோ என்றால் நான் கதைக்கிறேன், ஆப்லாஸ் என்றால் நீ, ஆப்லாமோஸ் என்றால் நாங்கள். நான், நீ என்று தனியாகச் சொல்வது குறைவு. ஆங்கிலத்தின் வழியாகப் போகிறவர்களுக்கு இது தலையிடி. தமிழில் யோசித்தால் லேசு. செர், எஸ்தார் (இரண்டுமே 'இரு'), தெனேர் (வைத்திரு), ஈர் (போ), அசேர் (செய்), பொதேர் (இயலும்), கெரேர் (விரும்பு), தெசீர் (சொல்லு) ஆகிய எட்டு வினைகளின் நிகழ்கால வடிவங்களை மனப்பாடம் செய்துவிட்டால் சாதாரண வீட்டுக் காட்சியில் எலும்புக்கூடாவது விளங்கும். அதோடு படங்களில் ஏவல் வடிவம் அடிக்கடி வரும்: மீரா (பார்), பென் (வா), எஸ்பேரா (பொறு), தீமே (எனக்குச் சொல்லு). இந்தக் கிழமைகளில் காதுக்கு யூடியூபில் 'ட்ரீமிங் ஸ்பானிஷ்' சனலின் ஆரம்பநிலைக் காணொளிகளைப் போடுங்கள். படம் வரைந்து மெதுவாகக் கதைப்பார்கள்.

படத் தெரிவில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஹொலிவுட் படத்தை ஸ்பானிஷ் டப்பிங்கில் வைத்து ஸ்பானிஷ் சப்டைட்டிலும் போட்டால், கேட்பது ஒன்று, வாசிப்பது வேறொன்றாக இருக்கும். டப்பிங் வசனம் வாயசைவுக்கு ஏற்ப எழுதப்படுவது. சப்டைட்டில் வாசிக்கும் வேகத்துக்கு ஏற்ப, பெரும்பாலும் வேறொருவர் சுருக்கி எழுதுவது. தொடக்கக்காரர் தன் காதில்தான் பிழை என்று நினைத்துவிடுவார். ஆகவே முதலிலேயே ஸ்பானிஷில் எடுத்ததைத் தேடுங்கள். சப்டைட்டில் பட்டியலில் 'சிசி' (CC, காது கேளாதவர்களுக்காக எழுதியது) என்று அடையாளம் இருப்பது பேச்சோடு மிக நெருக்கமாகப் போகும். நெட்ஃபிளிக்ஸில் ஸ்பானிஷ் தெரிவே காட்டாவிட்டால் புரொஃபைலின் மொழியை ஸ்பானிஷுக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

ஒரே நாட்டில் நில்லுங்கள், குறைந்தது ஆறு மாதத்துக்கு. மெக்சிகோ அல்லது கொலம்பியா என்பது என் தெரிவு. அசைகள் தெளிவாக விழும். ஆர்ஜென்டினாவில் 'ய' ஒலி 'ஷ' ஆகிவிடும், நீ என்பதற்கான வினை வாலும் மாறும். கியூபாவில் அசை இறுதி 'ஸ்' காணாமல் போகும். 'நார்கோஸ்' தொடரை வைத்துக் கொலம்பிய உச்சரிப்பு பழக நினைக்காதீர்கள்: அதில் போதைப்பொருள் கடத்தல் தலைவன் எஸ்கோபாராக நடித்த வாக்னர் மோரா பிரேசில்காரர், அந்த வேடத்துக்காகத்தான் ஸ்பானிஷ் படித்தார். 'ரோமா' (2018) நல்ல படம், ஆனால் அதில் ஒரு பகுதி மிஸ்தெக் என்ற பழங்குடி மொழி. அது விளங்கவில்லை என்று மனம் உடையத் தேவையில்லை. அடிதடிப் படத்தில் வசனம் குறைவு, சரித்திரப் படத்தில் பழைய நடை. குடும்பத் தொடர்தான் நல்லது. அதே குரல்கள் திரும்பத் திரும்ப வருவதால் காது சீக்கிரம் பிடிக்கும்.

இனி அந்த மூன்று நிமிடம். முதலில் சப்டைட்டில் இல்லாமல் ஒருதரம் பாருங்கள். யார், எங்கே, என்ன பிரச்சினை என்பது மட்டும் போதும். பிறகு ஸ்பானிஷ் சப்டைட்டிலைப் போட்டு ஒவ்வொரு வரியாக நிறுத்துங்கள். கணினியில் குரோம் பாவித்தால் 'லாங்குவேஜ் ரியாக்டர்' நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இந்த வேலையைச் செய்யும்: வரி முடிந்ததும் தானாக நிற்கும், ஒரு விசையில் திரும்பச் சொல்லும். தொலைக்காட்சியிலும் ஃபோன் செயலியிலும் அது ஓடாது. கோப்பாக வைத்திருக்கும் படமென்றால் விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளால் முன்பின்னாக ஓடும் சப்டைட்டிலைச் சரிப்படுத்தலாம்.

உதாரணத்துக்கு, திரையில் 'கே வாஸ் ஆ அசேர்' என்று நாலு சொல் எழுதியிருக்கும், 'என்ன செய்யப் போகிறாய்' என்று அர்த்தம். காதில் விழுவது 'கெவாசசேர்' என்ற ஒரே உருண்டை. உயிரோடு உயிர் ஒட்டி, 'ஸ்' அடுத்த அசைக்குத் தாவிவிடும். நாமும் 'என்ன செய்யப்போறாய்' என்று ஒரே மூச்சில்தான் சொல்கிறோம். இப்படி எழுத்தில் தெரிந்தும் காதில் பிடிபடாத வரிகளைத்தான் கொப்பியில் எழுத வேண்டும், ஒரு காட்சிக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். தெரியாத சொல் எல்லாவற்றையும் எழுதப் போனால் நாலாம் நாள் கொப்பி மூலைக்குப் போய்விடும். வேகத்தை 0.75க்குக் கீழே குறைக்காதீர்கள். குரல் இழுபடுமே தவிர, ஒட்டிய சொற்கள் பிரிந்து தராது.

பிறகு நடிகரோடு சேர்ந்து சொல்லுங்கள். தொடர்மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று கிசுகிசுத்தால் பிரயோசனமில்லை, கிசுகிசுப்பில் அழுத்தமும் ஏற்ற இறக்கமும் வராது. சாதாரணக் குரலில் சொல்லி ஃபோனில் பதிந்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். நம்மவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் அழுத்தம்தான். 'ஆப்லோ'வில் முதல் அசையை அழுத்தினால் நான் கதைக்கிறேன். கடைசி அசையை அழுத்தினால் அவர் கதைத்தார். ஸ்பானிஷின் t, d எழுத்துகளுக்கு 'ட' கூடாது, எல்லா இடத்திலும் 'த' தான். சொல்லின் முதலில் வரும் 'ர'வும், இரட்டித்து எழுதும் 'ர'வும் நாக்கு நுனி இரண்டு மூன்று தரம் அதிரச் சொல்ல வேண்டியவை. மறுபக்கம், உயிர்களுக்கு நடுவில் வரும் 'த' நமது 'அது'வில் வருவதுபோல மென்மையானது. அதை யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அடுத்த நாள் அதே காட்சியின் ஒலியை மட்டும் கேளுங்கள். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ் ஊர்ந்து போகும் நேரத்தில் மூன்று நிமிடத்தை நாலு தரம் கேட்கலாம். சப்டைட்டில் இல்லாமல் முக்கால்வாசி விளங்கினால் அடுத்த காட்சிக்குப் போங்கள்.

எவ்வளவு காலம் என்றால், அமெரிக்க வெளியுறவுத் துறை ஆங்கிலம் பேசும் தன் அலுவலர்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்க கிட்டத்தட்ட 700 வகுப்பு மணித்தியாலம் என்று கணக்கு வைக்கிறது. தினமும் ஒரு மணித்தியாலம் என்றால் இரண்டு வருடம். சும்மா சோபாவில் சாய்ந்து பார்த்த நேரம் இந்தக் கணக்கில் சேராது.

டேட்டா பற்றியும் ஒரு வார்த்தை. நெட்ஃபிளிக்ஸில் உயர்தரப் படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். கணக்கு அமைப்பில் டேட்டா பாவனையை 'மீடியம்' ஆக்கினால் 0.7 ஜிபி அளவில் நிற்கும். ஒரே காட்சியைப் பத்துத் தரம் ஓட்டப் போகிறவர்கள் ஃபோனில் தரவிறக்கி வைப்பது இன்னும் மலிவு.