அன்டார்க்டிகா போன்ற இடங்களுக்குப் போகும் சொகுசுக் கப்பலை எப்படி வடிவமைத்துக் கட்டுகிறார்கள்? எங்கே சிக்கல் வருகிறது?

துறைமுகமே இல்லாத இடங்களுக்குப் பயணிகளை அழைத்துப்போகும் சொகுசுக் கப்பல், பெரிய குரூஸ் கப்பலின் சிறிய வடிவம்தானா, அதன் வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். துருவக் கடல்களை, அதிலும் பெரும்பாலும் அன்டார்க்டிகாவை வைத்துச் சொல்கிறேன். விதிகளும் கடுமை, தவறினால் விலையும் அதிகம் என்பதால் எல்லாச் சிக்கலும் அங்கே தெளிவாகத் தெரியும்.

கணக்கு கரையில் தொடங்குகிறது. 1991-இல் உருவான அன்டார்க்டிக் சுற்றுலா நிறுவனங்களின் கூட்டமைப்பு (சுருக்கமாக ஐயாட்டோ) வைத்திருக்கும் விதி இது: ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும், 500-க்கு மேல் பயணிகளை ஏற்றிவந்த கப்பல் யாரையும் கரையிறக்கவே கூடாது. அதனால்தான் இந்த வகைக் கப்பல்கள் பெரும்பாலும் 100 முதல் 200 பயணிகளுக்கென்று கட்டப்படுகின்றன. 200 என்றால் பாதிப் பேர் கரையில், மீதிப் பேர் ரப்பர் படகில் சுற்றிவரலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். 300 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கினர் எப்போதும் கப்பலில் காத்திருப்பார்கள். அவ்வளவு பணம் கொடுத்து வந்தவர் ஜன்னல் வழியே பென்குவின் பார்க்க விரும்பமாட்டார்.

அடுத்து, ஸோடியாக் எனப்படும் அந்தக் காற்றடைத்த ரப்பர் படகுகளின் கணக்கு. ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள ஒரு ஸோடியாக்கில் ஓட்டுநர் போக 10 பேர் ஏறலாம். 100 பேருக்கு 10 நடை. ஒவ்வொரு படகிலும் ஆட்களை ஏற்ற 4 நிமிடம் என்று வைத்தால், கப்பலுக்கு ஒரே ஒரு பக்கக் கதவு இருந்தால் 40 நிமிடம் அங்கேயே போய்விடும். எத்தனை படகு வாங்கினாலும் இந்த 40 நிமிடம் குறையாது. அதனால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் கதவு வைக்கிறார்கள். இருபக்கம் வைப்பதற்கு இன்னொரு முக்கியமான காரணம் காற்று. கேப்டன் கப்பலைக் குறுக்கே திருப்பி, காற்றுக்கும் அலைக்கும் மறைவான பக்கத்தில் படகுகளை ஏற்றுவார். எந்தப் பக்கம் மறைவு என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. கதவுக்கு வெளியே இருக்கும் மேடை உயர்த்தித் தாழ்த்தக் கூடியதாக இருக்க வேண்டும். நிலையான மேடை என்றால் எரிபொருள் குறையக் குறையக் கப்பல் மிதக்கும் மட்டம் உயர்ந்து, பயணத்தின் கடைசியில் அறுபது வயதுக்காரர் குதித்து இறங்க வேண்டிய உயரம் வந்துவிடும்.

படகுகளைக் கடலில் இறக்குவதும் இப்படித்தான். பதினைந்து படகு, ஒரே கிரேன், படகுக்கு 5 நிமிடம் என்றால் முதல் பயணி கிளம்புமுன் ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிடும். இரண்டு கிரேன் வைப்பது வழக்கம். வைக்கிங் ஆக்டாண்டிஸ் கப்பலில் உள்ளேயே ஒரு கொட்டகை அமைத்து, 26 மீட்டர் சறுக்குப் பாதையில் படகை நேராகக் கடலுக்குள் விடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கப்பலின் அடித்தளங்களில் பெரிய இடத்தை அது விழுங்கிவிடும்.

கதவை ஒட்டி பூட்ஸ் அறை. வரைபடத்தில் இதைத்தான் எல்லோரும் சுருக்கப் பார்ப்பார்கள். உள்ளலங்காரக் குழுவுக்கு ஸ்பாவுக்குக் கொஞ்சம் இடம் வேண்டுமென்றால் முதலில் கண்ணில் படுவது இந்த அறை. விட்டுக்கொடுக்காதீர்கள். கரைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் ஒவ்வொரு பூட்ஸும் கழுவப்பட்டு, கிருமிநாசினியில் தோய்க்கப்பட வேண்டும். 2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் தெற்கு ஜார்ஜியா தீவுக்கும், 2024 பிப்ரவரியில் அன்டார்க்டிக் தீபகற்பத்துக்கும் வந்துசேர்ந்த பிறகு இந்த வேலை இன்னும் கூடியிருக்கிறது. சூடேற்றிய தரை, ஈரக்காற்றை வெளியேற்றத் தனிக் குழாய், மணலும் பறவை எச்சமும் அடைக்காத அகலமான வடிகால், ஆளுக்கொரு லாக்கர் எல்லாம் இங்கே வேண்டும். வடிகாலைச் சின்னதாக வைத்த கப்பலில் மூன்றாம் நாளே அந்தத் தளம் முழுக்க நாறும்.

இப்போது பனிக்கட்டி. கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு பனியைத் தாங்கும் வலுவுக்கு பிசி (போலார் கிளாஸ்) 1 முதல் பிசி 7 வரை ஏழு படிகள் வைத்திருக்கிறது. ஒன்று மிக வலுவானது. பிசி 6 என்பது கோடையிலும் இலையுதிர் காலத்திலும், ஏறக்குறைய 70 முதல் 120 செ.மீ. தடிமனுள்ள முதலாண்டுப் பனியில் (அந்த ஆண்டே உறைந்த கடற்பனி) ஓடுவதற்கானது. அதே பனியில் ஆண்டு முழுவதும் ஓட பிசி 5. நேஷனல் ஜியோகிராஃபிக் எண்டூரன்ஸ் பிசி 5 வகை. போனான் நிறுவனத்தின் லெ கமாண்டான் ஷார்கோ பிசி 2, வட துருவம் வரை போய்வரும் கப்பல் அது. படி ஏற ஏறப் பக்கத்தகடு தடிக்கும், உள்ளே விலா எலும்பு போன்ற எஃகுச் சட்டங்கள் நெருங்கும், எடை கூடும். அந்த எடையைப் பனியே இல்லாத கடலிலும் ஆண்டு முழுக்கச் சுமந்து எரிபொருள் செலவழிக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை தீபகற்பத்துக்கு மட்டும் போவதானால் பிசி 6 போதும் என்பது என் கருத்து. சந்தைப்படுத்தும் குழு கேட்கிறது என்பதற்காகப் படி ஏற்றுவது வீண்.

முன்மூக்கு வடிவத்துக்கு இதைவிட அதிக நேரம் செலவழிக்கலாம். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து தீபகற்பம் ஏறக்குறைய 1,000 கி.மீ., நடுவில் டிரேக் நீரிணை, சுமார் இரண்டு நாள் ஓட்டம். அங்கே பயணியை வதைப்பது உருளல், அதாவது பக்கவாட்டு ஆட்டம், மட்டுமில்லை. கூரான மூக்கு அலையில் இறங்கி அடிக்கும்போது கப்பல் முழுக்க நடுங்குவதும்தான். நார்வேயின் உல்ஸ்டெய்ன் நிறுவனம் எண்ணெய்க் கிணற்றுச் சேவைக் கப்பல்களுக்காக உருவாக்கிய எக்ஸ்-போ என்ற பின்சாய்ந்த மூக்கு அந்த அடியைக் குறைக்கிறது. 2019-இல் வந்த கிரெக் மார்ட்டிமர்தான் இதைக் கொண்ட முதல் பயணிகள் ஆய்வுக் கப்பல். உருளலைக் குறைக்கும் பக்கத் துடுப்புகள் உள்ளே மடங்கக் கூடியவையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பனிப்பாளம் அவற்றை முறித்துவிடும். நின்ற நிலையிலும் அவை வேலை செய்யவேண்டும், ஏனென்றால் படகேற்றம் நடப்பது கப்பல் நிற்கும்போதுதான்.

சொகுசும் பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதுவது எடையில். பனி படியும் கடலுக்குப் போகும் கப்பலின் சமநிலையைக் கணக்கிடும்போது, திறந்த தளங்களில் சதுர மீட்டருக்கு 30 கிலோவும் பக்கவாட்டில் 7.5 கிலோவும் உறைபனி ஏறியிருப்பதாக வைத்தே பார்க்க வேண்டும். 1,000 சதுர மீட்டர் திறந்த தளம் என்றால் 30 டன், அதுவும் உச்சியில். ஒவ்வொரு அறைக்கும் பால்கனி, மேல்தளத்தில் ஹெலிகாப்டர் கொட்டகை, நீச்சல்குளம் என்று அடுக்கினால் இந்த 30 டன்னோடு இவையும் சேரும். 30 கன மீட்டர்க் குளம் 30 டன்னுக்கு மேல் எடை, தளும்பவும் செய்யும். இதனால்தான் நல்ல கப்பலில் பளிங்குத் தரை போலத் தெரிவது சில மில்லிமீட்டர்க் கல் சீவலை அலுமினியத் தேன்கூட்டுப் பலகையில் ஒட்டியதாக இருக்கும். கப்பல் கட்டும் தளத்தில் எடைக்கென்று ஒருவர் இருந்து, உள்ளே போகும் ஒவ்வொரு கட்டில், கண்ணாடி, கேபிள் சுருள் எல்லாவற்றையும் எடைபோட்டுக் குறிக்க வேண்டும். கடைசி மாதத்தில் உச்சியில் எடை கூடிப்போனது தெரிந்தால் அடியில் இரும்புப் பாரம் வைப்பதைத் தவிர வழியில்லை, அது எரிபொருளையும் வேகத்தையும் தின்னும்.

ஜன்னலுக்கும் இதே கவனம் வேண்டும். 2022 நவம்பர் 29 இரவு உஷுவாயாவை நோக்கி வந்துகொண்டிருந்த வைக்கிங் போலாரிஸ் கப்பலை ஒரு பெரும் அலை தாக்கிக் கீழ்த்தளக் கண்ணாடிகள் உடைந்தன, ஒரு பயணி இறந்தார். கீழ்த்தள அறைகளில் பெரிய கண்ணாடி வைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை வடிவமைப்பு மேசையிலேயே கேட்டுவிட வேண்டும்.

இயந்திர அறையில் பலர் மறப்பது கடல்நீரை உறிஞ்சும் வாய். என்ஜினைக் குளிர்விக்கும் நீர் அங்கிருந்துதான் வருகிறது. பனித்துகள் கலந்த நீர் சல்லடையில் கூழ்போல அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் என்ஜின் சூடாகி நிற்கும். அதனால் சூடாகி வெளியேறும் நீரில் ஒரு பங்கை மீண்டும் அந்த வாய்க்கே திருப்பிவிடும் குழாய் கட்டாயம். நன்னீர் விஷயமும் அப்படியே: சவ்வு வழியே உப்பு நீக்கும் கருவி 25 டிகிரி நீரில் தரும் அளவில், உறைநிலைக்கு அருகிலுள்ள நீரில் பாதிகூடத் தராது. என்ஜின் வெப்பத்தில் நீரை முன்கூட்டியே சூடேற்ற வேண்டும், அல்லது இரு மடங்கு திறன் வாங்க வேண்டும். அன்டார்க்டிகாவில் 2011 ஆகஸ்ட் முதல் கனரக எரிஎண்ணெயைப் பயன்படுத்தவும் முடியாது, கொண்டுபோகவும் முடியாது. லேசான டீசல் வகைதான். இரண்டு மூன்று வாரத்துக்கான எரிபொருளையும் போகும்போதே ஏற்றிக்கொள்ள வேண்டும். நங்கூரம் போடப் பல இடங்களில் ஆழம் மிக அதிகம், கடலடி உயிர்களையும் சிதைக்கும். எனவே செயற்கைக்கோள் உதவியுடன் உந்துவிசையால் ஒரே இடத்தில் நிற்கும் அமைப்பு தேவை.

துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கென்று 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சர்வதேச விதித்தொகுப்பான போலார் கோட், உதவி வந்துசேர 5 நாளுக்குக் குறையாமல் ஆகும் என்று வைத்துக்கொண்டே கப்பலைத் தயார்செய்யச் சொல்கிறது. இந்த 5 நாள்தான் எனக்கு இந்த வகைக் கப்பலின் மிக முக்கியமான எண். 1969-இல் பின்லாந்தில் கட்டப்பட்ட எக்ஸ்ப்ளோரர் என்ற பயணிகள் கப்பல் 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகள் பக்கம் மூழ்கியது. அதிலிருந்தவை மேல்மூடியில்லாத உயிர்காக்கும் படகுகள். 154 பேரும் பிழைத்தது, நோர்ட்னோர்கே என்ற பயணிகள் கப்பல் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்ததால். இப்போது ஓரளவாவது மூடிய படகு கட்டாயம். ஆனால் 2016-இல் நார்வேயின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் நடந்த சாரெக்ஸ் என்ற உயிர்காப்புப் பயிற்சியில், சாதாரண உயிர்காக்கும் மிதவையில் இருந்தவர்களில் பலர் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. குறைந்தபட்ச விதிக்கு மேல் தரையைக் குளிரிலிருந்து காக்கும் மிதவை, கூடுதல் உடை, குடிநீர் இவற்றுக்குச் செலவழியுங்கள். அதைவிட நல்லது கப்பலை விட்டிறங்க வேண்டிய நிலையே வராமல் பார்ப்பது. 120 மீட்டர் நீளத்தைத் தொட்ட பயணிகள் கப்பலில் ஓர் இயந்திர அறை தீயிலோ வெள்ளத்திலோ போனாலும் தானே துறைமுகம் திரும்பும் வசதி வேண்டும் என்பது 2010 ஜூலை முதல் விதி. உங்கள் கப்பல் 105 மீட்டர்தான் என்றாலும் இரண்டு தனி இயந்திர அறைகள் வையுங்கள்.

ஆழம் அளக்கப்படாத நீரும் அதே அளவு ஆபத்து. 2023 செப்டம்பரில் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் 206 பேருடன் கிரீன்லாந்தின் ஆல்பெஃப்யோர்டில் கரைதட்டியது. மூன்று நாள் கழித்து தராயோக் என்ற மீன்வள ஆய்வுக் கப்பல்தான் இழுத்து விடுவித்தது. முன்னோக்கிப் பார்க்கும் சோனார் வேண்டும், சந்தேகமான இடத்தில் ஆழமானி பொருத்திய ஸோடியாக்கை முன்னால் அனுப்பும் பழக்கமும் வேண்டும்.

கப்பல் கட்டும் தளத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் சறுக்கியிருக்கிறார்கள். 2014-இல் எண்ணெய் விலை சரிந்தபோது, சேவைக் கப்பல் கட்டிக்கொண்டிருந்த நார்வே தளங்கள் இந்தப் பக்கம் திரும்பின. எஃகுடல் போலந்திலோ ருமேனியாவிலோ உருவாகி இழுத்துவரப்படும், உள்வேலை நார்வேயில் நடக்கும். எண்டூரன்ஸ் உடல் போலந்தின் கிடினியாவில் செய்யப்பட்டது. உடல் கட்டுவது எளிய பாதி. நூற்றுக்கணக்கான அறைகளுக்குக் காற்றுக்குழாய், கேபிள், குளியலறை, தீத்தடுப்பு எல்லாவற்றையும் நெருக்கிச் செருகுவதில்தான் தாமதம். குரோஷியாவின் உல்யானிக் தளம் நிதி நெருக்கடியில் தத்தளித்ததால் சீனிக் எக்லிப்ஸ் என்ற கப்பல் 2018-இலிருந்து 2019-க்குத் தள்ளிப்போனது. ஜெர்மனியின் எம்வி வெர்ஃப்டன் தளம், கிரிஸ்டல் எண்டெவர் கப்பலை ஒப்படைத்த சில மாதங்களில், 2022 ஜனவரியில் திவாலானது. எனவே தவணைப் பணத்துக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் இல்லாமல் கையெழுத்து வேண்டாம், தொகையில் பெரும்பகுதியை ஒப்படைப்பு நாளுக்கு ஒதுக்குங்கள்.

நீரில் இறக்கும் நாள் படம் பிடிக்க அழகானது, வேலையில் பாதிகூட அன்று முடிந்திருக்காது. அதற்குப் பிறகு துறையில் கட்டியபடியே ஒவ்வோர் அமைப்பையும் சோதிப்பார்கள். தெரிந்த எடைகளைத் தளத்தில் இடம்மாற்றிக் கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிப்பார்கள், அந்த எடைக்காரரின் கணக்கு உண்மையா என்பது அன்றுதான் தெரியும். பிறகு வெள்ளோட்டம்: முழு வேகம், அவசர நிறுத்தம், திருப்ப வட்டம், ஒரு ஜெனரேட்டரை வேண்டுமென்றே அணைத்துப் பார்ப்பது, அறைக்கு அறை சத்தமும் அதிர்வும் அளப்பது. இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இல்லாத ஒன்றைச் சேருங்கள்: எல்லா ஸோடியாக்குகளையும் இறக்கி, ஊழியர்களையே பயணிகளாக்கி, லைஃப் ஜாக்கெட்டும் பூட்ஸுமாக முழுப் படகேற்றத்தையும் கடிகாரம் வைத்து நடத்துவது. கதவின் கைப்பிடி தவறான உயரத்தில் இருப்பது அப்போதே தெரிந்தால் கட்டும் தளத்தின் செலவில் சரியாகும்.

ஒப்படைப்பு நாளை அன்டார்க்டிக் பருவத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நவம்பரில் முதல் பயணம் என்றால் ஜூன் மாதமே கப்பல் கையில் இருக்க வேண்டும். வட அரைக்கோளக் கோடையில் நார்வே, ஸ்வால்பார்ட் பக்கம் ஓட்டி, கசியும் குழாய்களையும் பழகாத ஊழியர்களையும் சரிசெய்துகொண்டு தெற்கே இறங்கலாம். அக்டோபருக்கு ஒப்பந்தம் போட்டால் மூன்று மாதத் தாமதம் ஒரு முழுப் பருவத்தைக் கொண்டுபோகும். முதல் இரண்டு பயணங்களில் அறைகளில் கால் பங்கைக் காலியாக விடுங்கள். ஏதாவது ஓர் அறையில் வெந்நீர் வராது, அந்தப் பயணியை நடுக்கடலில் மாற்ற வேறு அறை வேண்டும்.