தறிச் சத்தத்தில் கேட்காத ஸ்கோர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சேலம் அம்மாபேட்டைக்காரன். பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வரை டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடினேன். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பாலிடெக்னிக்கில் அரியர் விழுந்ததும் விட்டுவிட்டேன். நம்ம சேலத்துப் பவுலர் நடராஜனை டிவியில் பார்க்கும்போதெல்லாம் என்னுடைய அந்த ஏழு வருடமும் வீண் என்று தோன்றுகிறது. இப்போது மகன் கோச்சிங்கில் சேர்க்கச் சொல்கிறான். சேர்க்கலாமா? ஐபிஎல் பிள்ளைகளைக் கெடுக்கிறதா?

கே.

அன்புள்ள கே.,

ஐபிஎல் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'வீண்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக முடியவில்லை. சில நாட்களாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நடராஜன் சின்னப்பம்பட்டியில் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். பேட்ஸ்மேனின் காலடியில் விழும் அந்த யார்க்கர் பந்து எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? டென்னிஸ் பந்தை லெங்த்தில் குத்தினால் நெஞ்சுக்கு எழும்பும், தூக்கி அடித்துவிடுவார்கள். காலடியில் இறக்கினால்தான் பிழைக்கலாம். எத்தனை தடவை அது தப்பி ஃபுல்டாஸாகப் போயிருக்கும், எதிரில் நின்றவன் எத்தனை சிக்ஸர் அடித்திருப்பான்! அப்படி அடி வாங்கித்தான் கை பழகும். அந்த எதிரில் நின்றவன் யார்? உங்களைப் போல ஒருவன்தான். ஸ்டம்பைப் பறிகொடுத்தவன், எல்லைக்கோட்டில் பந்து பொறுக்கியவன், ஸ்கோர் எழுதியவன், இவர்கள் இல்லாமல் ஒருத்தன் எப்படி மேலே வருவான்? இத்தனை பேரையும் சேர்த்து வீண் என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நானும் சேலம்தான், குகைப் பகுதியில் வளர்ந்தவன். எங்கள் தெரு அணிக்கு விக்கெட் கீப்பர். பதினேழு வயதில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, தறிப்பட்டறைக்குப் போனேன். ஆர்டர் அவசரம் என்றால் லீவு நாளிலும் தறி ஓடும். மேட்ச் நடக்கும் நாளில் கூட்டாளி ஒருவன் சைக்கிளில் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பான். விசைத்தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. விரலால் ஸ்கோர் காட்டுவான். ஐந்து விரல், அப்புறம் இரண்டு. ஐம்பத்திரண்டு. ஒரு நாள், எனக்குப் பதிலாகக் கீப்பிங் நின்றவன் பிடித்த கேட்சை அப்படியே நடித்துக் காட்டினான். இடது பக்கம் சாய்ந்து, ஒற்றைக் கையில். நானும் சிரித்துக் கையைத் தூக்கினேன். அப்புறம் திரும்பி நின்று தறி நாடாவில் நூல் தார் மாற்றினேன், கண்ணீர் அவனுக்குத் தெரியக்கூடாது என்று. கொஞ்ச நாளில் அவனுக்கும் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. ஜன்னல் பக்கம் யாரும் வரவில்லை.

விட்டது வலிக்கும். எனக்கு இன்னும் வலிக்கிறது. அதை அப்படியே எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மகன் விஷயம். ஆசைப்படுகிறான், சேர்த்துவிடுங்கள். ஆனால் நடராஜன் பெயரைச் சொல்லி அனுப்பாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நீங்களே பந்து போடுங்கள். உங்கள் பந்தில் எத்தனை ரன் அடித்தான் என்று எனக்கு எழுதுங்கள்.