1641 என்று சொன்னதற்காகப் பதவி இழந்தவர்

பாப்டிஸ்ட் சபை (குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல், விசுவாசிகளுக்கு மட்டும் கொடுக்கும் கிறிஸ்தவப் பிரிவு) வரலாற்றாசிரியர் வில்லியம் விட்சிட் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

கேள்வி: யார் இவர்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

பதில்: 1841இல் அமெரிக்காவின் நாஷ்வில் பகுதியில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையோடு இருந்தார். அப்புறம் ஜெர்மனியில் லைப்சிக், பெர்லின் என்று போய்ப் படித்தார். 1872 முதல் தென்மாநில பாப்டிஸ்ட்களின் இறையியல் கல்லூரியில் சபை வரலாறு கற்பித்து, 1895இல் அதன் தலைவரானார். நான்கே வருடத்தில் வெளியேற வேண்டியதாயிற்று.

கேள்வி: அப்படி என்ன சொல்லிவிட்டார்?

பதில்: இங்கிலாந்து பாப்டிஸ்ட்கள் முழுக்கு ஞானஸ்நானத்தை, அதாவது ஆளையே தண்ணீருக்குள் முழுக்கி எடுப்பதைத் தொடங்கியது 1641இல்தான், அதற்கு முன் இல்லை என்றார். ஆம்ஸ்டர்டாமில் 1609இல் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்ட, ஆரம்பகால ஆங்கிலேய பாப்டிஸ்ட் தலைவர் ஜான் ஸ்மித் கூடத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாரே தவிர முழுகவில்லை.

கேள்வி: இதற்குப் போய் ஏன் ஐயா இத்தனை கோபம்?

பதில்: யோவான் ஸ்நானகன் காலத்திலிருந்து தங்கள் சபை அறுபடாமல் வருகிறது என்று நம்பியவர்கள் அங்கே ஏராளம். ஜே. ஆர். கிரேவ்ஸ் பரப்பிய ‘லேண்ட்மார்க்’ கொள்கை அது. சங்கிலியில் ஒரு கண்ணி இல்லை என்றால் தங்கள் ஞானஸ்நானமே செல்லுமா என்ற பயம் வந்துவிட்டது. லூயிவில்லில் இருந்த கல்லூரிக்குப் பக்கத்திலேயே, சபைப் பத்திரிகை ஆசிரியர் டி. டி. ஈட்டன் வாராவாரம் எதிர்த்து எழுதினார்.

கேள்வி: ஆதாரம் இருந்ததா, ஊகமா?

பதில்: இருந்தது. 1880இல் லண்டனுக்குப் போய், பிரிட்டிஷ் மியூசியத்தில் 1640களின் துண்டுப் பிரசுரங்களைப் புரட்டினார். கிஃபின் கையெழுத்துப்படி என்ற பழைய சபைக் குறிப்பும் இருக்கிறது. முழுக்குதான் சரி என்று லண்டனில் சிலருக்குத் தோன்றுகிறது. ஆனால் இங்கிலாந்தில் விசுவாசிகளுக்கு அப்படிக் கொடுத்தவர் யாரும் இல்லை என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. டச்சு தெரிந்த ரிச்சர்ட் பிளண்ட் என்பவரை நெதர்லாந்துக்கு அனுப்பி விசாரிக்கிறார்கள். திரும்பி வந்த பிளண்ட், பிளாக்லாக் என்பவருக்குக் கொடுக்க, இருவரும் சேர்ந்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இதன் சாரத்தைத் தாமஸ் கிராஸ்பி என்ற பாப்டிஸ்டே 1738இல் அச்சிட்டுவிட்டார்! அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

கேள்வி: நான் படித்த புத்தகத்தில் 1642 என்று இருக்கிறதே?

பதில்: இரண்டும் சரி. அந்தக் கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். அவர்கள் 1641 ஜனவரி என்று எழுதியது நம் கணக்கில் 1642 ஜனவரி.

கேள்வி: அவர் பக்கம் தப்பே இல்லையா, அண்ணா?

பதில்: இருக்கிறது. 1880இல் இதை முதலில் எழுதியபோது, குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பவர்கள் நடத்திய பத்திரிகையில், பெயர் போடாமல் எழுதினார். பின்னால் தெரிய வந்ததும், வீட்டுச் சண்டையைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசினாரே என்று நண்பர்களும் சங்கடப்பட்டார்கள். ஆய்வில் நேர்மை, வெளியிட்ட விதத்தில் கோழைத்தனம். என் கருத்து இது.

கேள்வி: பிறகு என்ன ஆனார்?

பதில்: 1899இல் விலகி, ரிச்மண்ட் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1911இல் இறந்தார்.

கேள்வி: முதல் நூற்றாண்டிலிருந்து சிவப்புப் புள்ளிகளாக பாப்டிஸ்ட் சபை வருவதுபோல ஒரு வரைபடம் பார்த்தேன். அதை நம்பலாமா?

பதில்: ஜே. எம். கேரல் 1931 புத்தகத்தில் போட்ட படம் அது. அவருடைய அண்ணன் பி. ஹெச். கேரல், விட்சிட்டை எதிர்த்த கல்லூரி அறங்காவலர்களில் முக்கியமானவர். அந்தப் புள்ளிகளில் இடைக்காலத் தென்பிரான்சின் அல்பிஜென்சியர் என்ற சமயப் பிரிவினரும் உண்டு. அவர்கள் தண்ணீர் ஞானஸ்நானமே வேண்டாம் என்றவர்கள். அப்புறம் எப்படி அதை நம்புவது?