ஹாட் டப்புக்குக் கரண்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காற்றடைக்கும் ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) வாங்கியிருக்கிறோம். பால்கனியில் பிளக் இல்லை. ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்கலாமா? (வாசகி, செந்தூல்)

வேண்டாம் அம்மா. 2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்ப் இழுக்கும். அதுவும் தண்ணீர் சூடாகும்வரை மணிக்கணக்கில், விடாமல். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் உள்ளே சூடேறி உருகிவிடும். ஈரத் தரையில் கிடக்கும் இணைப்போ அதைவிட ஆபத்து. டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) தனி லைன் போடச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் கட்டட நிர்வாகத்திடம் பால்கனி எவ்வளவு எடை தாங்கும் என்று கேளுங்கள். 700 லிட்டர் தண்ணீர் என்றால் 700 கிலோ, ஆட்களைச் சேர்க்காமலே.

டிபி பாக்ஸில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஏற்கெனவே இருக்கிறது. அது போதாதா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

டிபி கதவைத் திறந்து, ஆர்சிசிபி முகப்பில் டெஸ்ட் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் பாருங்கள். 0.1 ஆம்ப் என்றிருந்தால் அது 100 மில்லிஆம்ப். அந்த அளவு கசிவு உடம்பு வழியாகப் பாய்ந்தால் உயிரே போகலாம். நம் மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகள், தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லிஆம்ப் ஆர்சிசிபி கேட்கின்றன. குளியலறை வாட்டர் ஹீட்டருக்குப் போடுவதும் அதுதான். தண்ணீரில் ஊறிய தோலுக்கு மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும்; அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

ஆர்சிசிபி கசிவை மட்டுமே பார்க்கும், ஓவர்லோடைக் கவனிக்காது. ஆகவே அந்த லைனுக்கு, ஓவர்லோடானால் துண்டிக்கும் தனி எம்சிபியும் வேண்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சுவிட்ச் விழவில்லை (டிரிப் ஆகவில்லை) என்றால் ஆர்சிசிபியை அன்றே மாற்றுங்கள்.

மழை பெய்தாலே ஹாட் டப் லைனின் ஆர்சிசிபி டிரிப் ஆகிறது. வேலைக்கு வந்தவர் ‘100 மில்லிஆம்ப் போட்டுவிடலாம், தொல்லை இருக்காது’ என்கிறார். (வாசகர், புக்கிட் ஜாலில்)

தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அது விழுவது தொல்லை இல்லை ஐயா, எங்கோ கரண்ட் கசிகிறது என்ற எச்சரிக்கை. மழையோடு சேர்ந்து விழுகிறதென்றால் முதலில் வெளியே உள்ள ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேபிள் நுழையும் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். அங்கே சுத்தமாக இருந்தால், ஹீட்டரைக் கழற்றி 500 வோல்ட் மெக்கரில் (கசிவைக் காட்டும் மின்காப்புச் சோதனைக் கருவி) சோதிக்க வேண்டும். எலிமென்ட் உறை விரிசல் விட்டு ஈரம் புகுந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் விழுகிறதா? எர்த்தை அளக்கச் சொல்லி, டிபி-யில் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் கருவி) போடுங்கள். எதுவானாலும், காரணம் தெரியும்வரை யாரையும் தொட்டியில் இறங்க விடாதீர்கள், பிள்ளைகளை அறவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஹாட் டப் அனுப்புகிறார். அங்கே 240 வோல்ட், இங்கே 230. பிரச்சினை இல்லையே? (வாசகர், தஞ்சோங் புங்கா)

இருக்கிறது. அங்கே இரண்டு லைவ் வயர்களுக்கு இடையில் 240. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 தான். நமக்கு ஒரே லைவ், ஒரு நியூட்ரல், நடுவே முழு 230. நான்கு வயர் கொண்ட தொட்டியில் 120 வோல்ட் பாகங்கள் இருக்கலாம்; யோசிக்காமல் இங்கே இணைத்தால் அவை எரிந்துபோகும். 60 ஹெர்ட்ஸ் பம்ப் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும், அதிகம் சூடாகும். கப்பலேற்றும் முன்பே 50 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடியுமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். முடியாதென்றால் அண்ணனைத் தடுத்துவிடுங்கள்.

சுவிட்சை எங்கே வைப்பது? (வாசகி, செராஸ்)

தண்ணீரில் இருப்பவர் கைக்கு எட்டக்கூடாது, ஆனால் தொட்டியருகே நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் பிளக்கோ சுவிட்சோ வேண்டாம், பிளக்கை 3.5 மீட்டருக்கு அப்பால் தள்ளினால் இன்னும் நல்லது. பக்கத்தில் இரும்புக் கைப்பிடி, கூரைத் தூண் இருந்தால் அவற்றையும் எர்த்தோடு பிணைக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் மண்ணுக்கடியில் போகும் கேபிள் ஆர்மர்ட் கேபிளாக (உலோகக் கவசம் உள்ள கேபிள்) இருக்கட்டும். இந்த வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவுபெற்ற வயர்மேனிடம் மட்டும் கொடுங்கள். கடைசித் தவணைப் பணத்தைச் சோதனைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.